மூடிய வாய்க்குள் இருபத்தெட்டுப் பற்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது மற்றவர்களுக்கு எப்போதாவது நேரும். பல்செட்காரருக்கு அதுதான் பிழைப்பு. அடுத்தவர்கள் வாயைக் கொடுப்பார்கள், அவர் செய்ததை டாக்டர் மாட்டிவிடுவார். முப்பத்தோரு வருடம் இப்படியே போனதில், தானும் ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வோம் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பல் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு வெளிர்பச்சை அடித்தாகிவிட்டது. காலாடும் நாற்காலிகள் போய் சோபா வந்துவிட்டது. டாக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்தார்.

"இங்க என்னண்ணே மாட்டலாம்? பல்லு படம் வேண்டாம். வர்றவங்க ஏற்கெனவே நடுங்கிக்கிட்டுத்தான் வர்றாங்க."

பல்செட்காரர் ஓவிய வகுப்பில் சேர்ந்து அன்றோடு பன்னிரண்டு நாள். பிரஷ்ஷைக் கழுவுவது வரைக்கும் தேறியிருந்தார். "நான் ஒண்ணு வரைஞ்சு தர்றேன் டாக்டர். ஆயில் பெயின்டிங். ஒரு பெரியவர் முகம், பழைய காலத்துப் படத்தைப் பாத்து" என்று அவர் வாய் சொன்னது. புத்தி பின்னாலேயே ஓடிவந்து அதன் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள், டாக்டர் தச்சரைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். திறப்பு விழாவுக்குப் பதினொரு வாரம் இருந்தது.

படம் இல்லாத ஆணியைப் போல மனிதனைப் பார்த்துச் சிரிக்கும் பொருள் உலகத்தில் வேறில்லை. காலையில் உள்ளே நுழையும்போது அது கண்ணில் படும், மாலையில் வெளியே போகும்போதும் படும். இரண்டாவது வாரத்திலிருந்து வரவேற்பு மேசைப் பெண் அதில் தன் கைப்பையை மாட்டத் தொடங்கினாள். "சும்மாதானே சார் இருக்கு. படம் வந்ததும் எடுத்துடறேன்" என்றாள். அவள் குரலில் அவசரம் எதுவும் தெரியவில்லை.

ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதன் ஏன் தூரிகையைத் தூக்குகிறான் என்று கேட்டால் அதற்கும் ஒரு பல்தான் காரணம். அவர் வேலை செய்வது மருத்துவமனையின் பின்னால் ஒரு சின்ன அறையில். ஒரு பாலிஷ் மோட்டார், ஒரு மெழுகு அடுப்பு, கால் வைக்கும் இடமெல்லாம் வெள்ளைத் தூள். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு ஒரு துண்டுச் சீட்டோடு அவர் மேசைக்கு வரும். 'ஆண், வயது அறுபத்தேழு, மேலும் கீழும்' என்று சீட்டில் எழுதியிருக்கும். அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, மெழுகில் பல் வரிசை கட்டி, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் பிசின் வார்த்து, தேய்த்து மினுக்கி முன்பக்கம் அனுப்பிவிடுவார். முன்பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் கறுப்பா சிவப்பா, மூக்கு கிளி மூக்கா சப்பை மூக்கா, எதுவும் அவருக்குத் தெரியாது.

ஒருநாள் பஸ்ஸில் எதிர் இருக்கை அம்மாள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். பல்செட்காரர் துள்ளி நிமிர்ந்தார். போன மழைக்காலத்தில் அவர் செய்த மேல் செட். கடைவாய்ப் பல்லில் அவர் விட்ட மினுக்கு அப்படியே இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்ததுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இவர் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி வீட்டுக்கு நடந்தார். நடக்கும்போதுதான் உறைத்தது. அந்த அம்மாளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் பாதி வாயில் தன் கைவேலை இருக்கிறது, ஒரு முகம்கூடத் தெரியாது.

"அதுக்குக் கண் டாக்டரையில்ல பாக்கணும்" என்றாள் மனைவி. அவர் ஓவிய வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பு, தையல் கடைக்கு மேல் மாடியில், சனி ஞாயிறு மதியங்களில் நடந்தது. டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். கைமுட்டி வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாரும் இங்க சொந்தமா வரையப் போறதில்ல. பெரிய கைங்க வரைஞ்ச ஒரு பழைய முகத்தைப் பாத்து அப்படியே வரையப் போறீங்க. உங்க அபிப்பிராயத்தைக் குடையோட சேர்த்து வாசல்லயே விட்டுட்டு வாங்க. போகும்போது எடுத்துக்கலாம், யாரும் திருட மாட்டாங்க."

ஒரு பெட்டி நிறைய பழைய ஓவியங்களின் அச்சுப்படங்கள் இருந்தன. ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் முத்து மாலை போட்ட சீமாட்டி, தொப்பி வைத்த தளபதி என்று பாய்ந்தார்கள். பல்செட்காரர் ஒரு கிழவரை எடுத்தார். கறுப்புப் பின்னணி, தோளில் உரோமக் கழுத்துப்பட்டி, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. முன்னூறு வருடத்துக்கு மேல் பழையது. வரைந்தவர் பெயரும் இல்லை, படத்தில் இருந்தவர் பெயரும் இல்லை. அவரை எடுத்ததற்கு ஒரே காரணம், கிழவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். காலமெல்லாம் திறந்த வாயோடு மல்லுக்கட்டியவருக்கு மூடிய வாய் என்பது விடுமுறை.

தொடக்கம் ஜோராகத்தான் இருந்தது. துணிக்குப் பழுப்பு பூசி, கட்டம் போட்டு, கோடு இழுத்தார். மற்றவர்கள் பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் அளந்தபோது, இவர் தொழிற்கூடத்திலிருந்து பல் அளக்கும் இரட்டைக்கால் அளவுக் கவையைக் கொண்டுவந்து கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது முகம். பைப் லைன் இல்ல" என்று கொடுத்தார்.

நிறத்திலும் அவர் கை பழக்கத்தை விடவில்லை. பல் வைத்தியத்தில் பதினாறு பற்களைக் கோத்த ஒரு மாதிரிப் பட்டை உண்டு, பதினாறும் பதினாறு விதமான வெள்ளை. அதில் எதைக் காட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கலந்துவிடுவார். பாவம், முகம் என்பது பெரும்பாலும் வெள்ளை இல்லை. கழுத்துப்பட்டியின் வெளுத்த உரோமம் அருமையாக வந்தது. அந்தத் தைரியத்தில் கண்ணின் வெள்ளைக்குப் போனார். டீச்சர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"சார், இவருக்குக் கண்ணுல ஏன் பல்லு முளைச்சிருக்கு?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. உண்மைதான். இரண்டு கண்ணிலும் பளபளவென்று ஒரு முன்பல். அவர் துணியால் துடைத்துவிட்டுச் சாம்பல் நிறம் கலக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த வாரம் உதட்டுக்கு ஈறு நிறம் அடித்ததும், அதையும் துடைத்ததும் தனிக் கதை.

இப்படி முட்டி மோதி ஏழாவது வாரத்தில் முகம் என்று சொல்லும்படி ஒன்று வந்து நின்றது. நெற்றி சரி, மூக்கு சரி, காதில் கிடக்கும் நிழல்கூடச் சரி. கவையை வைத்து எங்கே அளந்தாலும் அரை மில்லிமீட்டர் பிசகவில்லை. ஆனால் ஆள் வேறு. அச்சுப்படத்தில் இருந்தவர் எதையோ பறிகொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேச விரும்பாத கிழவர். துணியில் இருந்தவர் இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பதவி உயர்வுக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி.

"உங்க ஆளு ஜம்முனு இருக்காரு அண்ணே. பத்து வயசு குறைச்சுட்டீங்க" என்றார் பக்கத்து ஸ்டாண்டு வங்கிக்காரம்மா. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

பல்செட்காரர் மூக்குக்குக் கீழே உள்ளதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வரைந்தார். அதிகாரி திரும்பி வந்தார். மறுபடி சுரண்டினார். கண்ணாடியில் காட்டிப் பார்த்தார், தலைகீழாக வைத்துப் பார்த்தார். தலைகீழாகவும் அவர் அதிகாரியாகத்தான் இருந்தார். நான்காவது முறையும் அதே முகம் எட்டிப் பார்த்தபோது, பிள்ளையார் பிடிக்கப் போனவனுக்குக் குரங்காவது கிடைத்தது, எனக்கு மேலதிகாரியல்லவா கிடைத்திருக்கிறார் என்று தோன்றியது. டீச்சரும் குழம்பிப் போயிருந்தார். "எங்கயோ உங்க அபிப்பிராயம் உள்ள வந்துடுச்சு சார். எந்த வழியா வந்துச்சுன்னுதான் தெரியல."

அந்தக் கோலத்திலேயே படத்தை போனில் பிடித்து டாக்டருக்குக் காட்டினார். டாக்டர், "ஆஹா, கம்பீரமா இருக்காருண்ணே" என்றார். ஆணியில் கைப்பை ஆடிக்கொண்டிருந்தது. நான்கு வாரம் இருந்தது.

வீட்டில் அவருக்கு வேறொரு மானப் பிரச்சினை இருந்தது. அதற்கு வயது நான்கு.

மாமனார் அவர்களோடு வந்து தங்கி நான்கு வருடம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வந்தபோதே வாயில் பல் இல்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் வீட்டில் பொக்கை வாயா என்று மாமனார் வந்த மாதமே பல்செட்காரர் ஒரு முழு செட் செய்து கொடுத்தார். மாமனார் மறுக்கவில்லை. போட்டார், கண்ணாடி பார்த்தார், "பிரமாதம் மாப்பிள்ளை" என்றார், கழற்றி டம்ளரில் போட்டார். அது அங்கேயே இருந்தது. வலிக்கிறதோ என்று அடுத்த வருடம் இன்னொன்று. அதுவும் பிரமாதம், அதுவும் டம்ளர். இப்போது குளியலறை அலமாரியில் நான்கு கண்ணாடி டம்ளர்களில் நான்கு செட்கள் தண்ணீருக்குள் இளித்துக்கொண்டிருந்தன.

"வீட்டுக்கு வர்றவங்க உள்ள நாலு கிழவங்க இருக்காங்கன்னு நினைக்கிறாங்க. ஒண்ணையாவது போடுங்கப்பா" என்பாள் மனைவி.

"எல்லாமே நல்லாத்தாம்மா இருக்கு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது, தானமா வந்த பல்லை நான் குறை சொல்லுவேனா?"

குறை சொல்லாததுதான் குறை. திட்டினால் திருத்தலாம். பிரமாதம் என்று சொல்லிவிட்டு டம்ளரில் போடுகிறவரை என்ன செய்வது? தினம் இரண்டு வேளை, "மாமா, செட்டைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்களேன்" என்று இவர் சொல்வார், "ஆகட்டும் மாப்பிள்ளை" என்று அவர் ரொட்டியை டீயில் நனைப்பார். நான்கு வருடமாக அந்த வீட்டில் கடிகாரத்தை விட ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல்செட்காரர் படத்தையும் அச்சுப்படத்தையும் சாப்பாட்டு மேசையில் சுவரோரமாகச் சாய்த்துவைத்து முறைத்துக்கொண்டிருந்தார். மாமனார் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"ஒரே ஆளு மாமா. இது அசல். இது நான் அதைப் பாத்து வரைஞ்சது."

மாமனார் டீயை உறிஞ்சினார். அச்சுப்படத்தைத் தாடையால் காட்டினார். "இவரு நம்ம ஆளு."

"நம்ம ஆளுன்னா?"

"பொக்கை."

பல்செட்காரர் சிரித்தார். "வாய் மூடியில்ல இருக்கு."

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ல மூஞ்சி பாத்தவன் மாப்பிள்ளை நான். எவன் டிக்கெட் வாங்காம பின்னால போய் நிக்கப் போறான்னு அவன் கால் வைக்கும்போதே தெரியும். பல்லு இருக்கா இல்லையான்னு தெரியாதா? அதுவும் நமக்கு." பிறகு துணியில் இருந்தவரைப் பார்த்தார். குரலில் பழி எதுவும் இல்லை. "இவருக்கு நீங்க செட்டு மாட்டிட்டீங்க. அவ்வளவுதான்."

மாமனார் ரொட்டியை நனைக்கப் போய்விட்டார். பல்செட்காரர் எழுந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்தார். அசலின் மேலுதடு உள்ளே மடங்கியிருந்தது, சிவப்பு ஒரு நூலளவுக்குத்தான் தெரிந்தது. மோவாய் மூக்கை நோக்கி ஒரு படி ஏறியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. மேலும் கீழும் ஒன்றும் இல்லை. சீட்டில் எழுதி வந்திருந்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். அவருடைய துணியிலோ மேலுதடு முன்னால் நின்றது. கன்னத்துக்கு உள்ளே முட்டு இருந்தது. உதட்டுக்குப் பின்னால் எவ்வளவு மெழுகு நிறுத்த வேண்டும் என்று அவர் கைக்கு நெட்டுரு. யாரும் சொல்லாமலே அது நிறுத்திவிட்டது. அந்த மூடிய வாய்க்குள் இருபத்தெட்டுப் பற்களும் வரிசை தப்பாமல் இருந்தன. என்றோ செத்துப்போன ஒரு மனிதருக்கு, அவர் கேட்காமலேயே, நான்கு முறை முழு செட் செய்து மாட்டியிருக்கிறார். அளவு எடுக்கக்கூட ஆளைக் கூப்பிடவில்லை.

அடுத்த வகுப்பில் சொன்னபோது டீச்சர் சிரித்த சிரிப்பில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. "நானும் பாக்கலயே சார், நானும் பாக்கலயே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் ஓரத்தில் நீல நிறம் அப்பிக்கொண்டது. "சரி. பல்லைப் பிடுங்குங்க."

கட்டுவதுதான் அவருக்குத் தெரியும், பிடுங்குவது டாக்டர் வேலை. சுரண்டிவிட்டு உதட்டை உள்ளே தள்ளினால் கிழவர் சுருக்குப் பையாகிவிட்டார். நிழலைக் கூட்டினால் யாரோ அவர் வாயில் குத்தியதுபோல இருந்தது. அச்சுப்படத்தில் அந்த இடம் கட்டைவிரல் நகம் அளவுதான், அதற்கு மேல் அது எதையும் சொல்ல மறுத்தது.

"பொக்கை வாயை நேர்ல உக்கார்ந்து பாத்திருக்கீங்களா சார்?" என்றார் டீச்சர். "உங்க தொழில்ல பாக்காம எப்படி இருப்பீங்க, கேக்கறதே தப்பு."

நான்கு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரே ஒன்று உட்கார்ந்திருந்தது. அதில் செட் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் போய் நின்றார். பெண் கேட்கப் போனபோதுகூட இவ்வளவு தயங்கியதில்லை.

"மாமா, ஒரு உதவி. நாலு நாள் மதியம் ஜன்னல் பக்கத்துல உக்காரணும். செட் போடாம."

மாமனார் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "போடாமயா?"

"போடாமத்தான்."

"உக்கார்றேன். ஒரு ஒப்பந்தம். இனிமே இந்த வீட்டுல செட்டுப் பேச்சே வரக்கூடாது. காலையிலயும் இல்ல, ராத்திரியும் இல்ல. ஜாடையாவும் இல்ல."

சமையலறையிலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "இதுக்கு நீங்க நாலு வருஷம் முன்னாடியே படம் வரைஞ்சிருக்கலாம்."

தொழிலை அடகு வைத்துப் படம் வரைந்த கதை உலகத்தில் நிறைய இருக்கும். இப்படி எவனும் வைத்திருக்க மாட்டான் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார். சரி என்றார்.

மனைவியின் பழுப்புக் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து பேசினார். தடம் மாறிப்போன பஸ், இருக்கைக்கு அடியில் மறந்துவிட்டுப் போன மணமகள் செருப்பு, தூங்கிக்கொண்டே ஓட்டிய டிரைவர்.

"வாயை அசைக்காதீங்க மாமா."

"கண்டக்டர் வாயை மூடிக்கிட்டு உக்கார்ந்ததா சரித்திரமே இல்லையே மாப்பிள்ளை."

முதல் நாள் பல்செட்காரர் கை ஒன்றும் வரையவில்லை, கண் மட்டும் வேலை செய்தது. அவர் வெற்றிடம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் வெற்றிடமே இல்லை. உதடுகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு பல்லின் வேலையையும் சேர்த்துச் செய்தன. பேச்சை முடிக்கும்போது கீழுதடு மேலே ஏறி ஒரு முத்திரை குத்தியது. ஒரு பக்கக் கன்னம் மற்றதை விட ஆழமாக இருந்தது, அந்தப் பக்கம்தான் பல் முதலில் போயிருக்க வேண்டும். மடிப்பின் ஓரத்தில் நிழல் கோடாக நிற்காமல் மெல்லக் கரைந்தது. இதில் எதையும் பிளாஸ்டர் அச்சு சொல்லாது. அச்சு எடுக்கும்போது ஆள் பேச முடியாது.

மூன்றாம் நாள், பல்செட்காரர் பிரஷ்ஷை எண்ணெயில் தோய்க்கக் குனிந்திருந்தபோது, மாமனார் தானாகவே ஆரம்பித்தார்.

"பேச்சு வரக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அதனால நானே சொல்றேன். நீங்க செஞ்சது எதுவும் வலிக்கல. எனக்கு முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு சந்து இருந்துச்சு. டிப்போவுல குடுத்த விசிலை நான் வாயில வச்சதே கிடையாது. நாக்கை அந்தச் சந்துல வச்சு ஒரு ஊது ஊதுனா மூணு பஸ் நிக்கும். உங்க செட்டுல சந்தே இல்ல மாப்பிள்ளை. கோட்டைச் சுவர் மாதிரி இருக்கு. போட்டுக்கிட்டுக் கண்ணாடி பாத்தா யாரோ செக்கிங் ஆபீசர் பாக்கறாரு. கண்டக்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது."

பல்செட்காரர் பிரஷ்ஷை எண்ணெயிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்தார். நான்கு செட் செய்தவர், உங்க பழைய பல் எப்படி இருந்தது மாமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தபோது, ஞாயிறு வகுப்பில், கிழவர் வந்துவிட்டார். அப்படித்தான் சொல்ல வேண்டும். உதட்டுக்கு மேலே கடைசியாக ஒரு மங்கிய நிழலைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியபோது, அதிகாரி இல்லை. எதையோ பறிகொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேச விரும்பாதவர் இருந்தார். டீச்சர் எதிரில் நின்று பார்த்தார். அருகில் போய்ப் பார்த்தார். "சரி சார்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் சொல் இல்லை என்று வகுப்புக்கே தெரியும். வங்கிக்காரம்மா மட்டும், "அய்யோ பாவம், இளைச்சுப் போயிட்டாரே" என்று வருத்தப்பட்டார்.

சனிக்கிழமை மதியம், இன்னும் முழுதாகக் காயாத படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைக்குள் நிறுத்தி, கல்யாணப் பெண்ணைக் கூட்டிப்போவதுபோல மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போனார். வரவேற்புப் பெண் கைப்பையை எடுத்தாள். படம் ஆணியில் ஏறியது. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு." இன்னும் கொஞ்சம் முன்னால் போனார். "இவருக்குப் பல்லு இல்லையே?"

பல்செட்காரருக்கு நெஞ்சு நிறைந்தது. "தெரியுதா டாக்டர்?"

"தெரியாம? மேலயும் இல்ல, கீழயும் இல்ல. எலும்பு நல்லாத் தேய்ஞ்சிருக்கு. வலது பக்கம்தான் முதல்ல போயிருக்கு. அஞ்சாறு வருஷமா செட்டே போடாத ஆளு."

ஒரு படத்துக்கு உலகத்தில் எந்த விமரிசகரும் இப்படி ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதியிருக்க முடியாது. அவர் அதை ரசித்து முடிப்பதற்குள் டாக்டர் தொடர்ந்தார். "ஆனா அண்ணே, பல் ஆஸ்பத்திரி வாசல்ல பொக்கை வாயை மாட்டினா, வர்றவங்க என்ன நினைப்பாங்க? இங்க வந்தா இப்படித்தான் ஆவோம்னு நினைக்க மாட்டாங்களா? போன மாசம் போன்ல காட்டினீங்களே, அவரு ஜம்முனு இருந்தாரு. அதே மாதிரி இங்க லேசா..." என்று தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார். "திங்கக்கிழமைதானே திறப்பு."

லேசாகத்தான். ஒரு மணி நேர வேலை. கேட்காமலே நான்கு முறை செய்த கை, கேட்டால் செய்யாதா? பெயின்ட் ஈரமாகத்தான் இருந்தது. பையில் பிரஷ் இருந்தது. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, மனைவி திறப்பு விழாவுக்கென்று புதுச் செருப்பு வாங்கிவைத்திருந்தாள். பல்செட்காரர் கொள்கைவாதி ஒன்றும் இல்லை. பிரஷ்ஷை எடுத்தார். எண்ணெய்ச் சீசாவைத் திறந்து அதில் நனைக்கக்கூடச் செய்தார். படத்துக்கு எதிரே நின்று எங்கே தொடங்கலாம் என்று பார்த்தார். ஜன்னலோரத்து வெளிச்சத்தில் கீழுதடு மேலே ஏறி முத்திரை குத்தியிருந்தது.

"அசல்ல பல்லு இல்ல டாக்டர்."

"அசலை யாருண்ணே வந்து பாக்கப் போறா?"

"எங்க மாமா வந்து பாப்பாரு."

டாக்டருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் நல்ல மனிதர், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை அந்த ஆணியில் ஒரு வட்டக் கடிகாரம் தொங்கியது. பல்செட்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதற்கு நேர் கீழேயே நின்றார். வந்தவர்களில் பாதிப் பேர், "உங்க படம் எங்க?" என்று கேட்டார்கள்.

"பல்லு இல்லைன்னு வேலைக்கு எடுக்கல" என்றார் ஒவ்வொருவரிடமும். மாமனார் சால்வையோடு வந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுது. கண்டக்டர் இருந்திருந்தா கேட்டிருப்பான்" என்றார்.

படம் பின்னறையில், பாலிஷ் மோட்டாருக்கு எதிர்ச் சுவரில் ஏறியது. வாரத்துக்கு ஒருமுறை அதன் மேல் படியும் வெள்ளைத் தூளை ஊதிவிட வேண்டியிருந்தது.

அதன் கீழே உட்கார்ந்துதான் ஐந்தாவது செட்டைச் செய்தார். யாரிடமும் சொல்லவில்லை. அளவு எடுத்த பழைய பிளாஸ்டர் அச்சு அவரிடமே இருந்தது. பல் எப்படி இருந்தது என்பதற்கு மனைவியின் ஆல்பத்தில் ஒரு டிப்போ குழுப்படம் கிடைத்தது. இரண்டாம் வரிசையில் மாமனார் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார், முகம் பட்டாணி அளவு. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மாதிரிப் பட்டையில் எவரும் கேட்காத கடைசிப் பழுப்பை எடுத்தார். கீழே ஒரு பல்லை அடுத்ததன் தோளில் சாய்த்தார். முன்னால் சந்து. அந்தச் சந்தை மெழுகில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்வந்து பார்த்தால் அது மூடியிருந்தது. போவதற்கு முன் கை தானாகவே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. மறுபடி திறந்தார். மூன்று முறை இப்படி நடந்தது. அபிப்பிராயத்தைக் குடையோடு வாசலில் விடலாம். அது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

குளியலறையில் ஐந்தாவது டம்ளர் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஜாடையும் காட்டவில்லை. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலை உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விசில் என்று சொல்ல முடியாது. பிரஷர் குக்கர் ஆறும்போது கடைசியாக விடுமே, அந்த மாதிரி ஒரு சீறல். சிறிது இடைவெளி விட்டு இன்னொன்று.

கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்தார். வாயில் செட் இருந்தது. மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நீங்க எதுவும் பேசக்கூடாது."

"நான் ஒண்ணும் பேசலையே மாமா."

"சந்து கொஞ்சம் அகலம். காத்து வீணாப் போகுது. ஒரு மயிரிழை குறைச்சுக் குடுங்க. அப்புறம் இந்தப் பக்கம் கடைசிப் பல்லு நாக்குல இடிக்குது. அப்புறம், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வேணும்." கழற்றி, துடைத்து, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

நான்கு வருடத்தில் முதல் புகார்கள், ஒரே மூச்சில் இரண்டு, கூடவே ஒரு கெடு. பல்செட்காரர் அவற்றைப் பத்திரமாகக் கைக்குட்டையில் பொதிந்து மருத்துவமனைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். கடைசிப் பல்லைத் தேய்த்தார். சந்தின் ஓரத்தில் ஒரு துளி பிசின் வைத்து இறுகவிட்டு மெல்லத் தேய்த்தார். ஒரு மயிரிழை. தூக்கிப் பார்த்தார், சரியாக இருந்தது. கை மட்டும் இறங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு துளி வைத்தால் வரிசை நேராகிவிடும், பார்க்க அழகாக இருக்கும் என்று அது இழுத்தது.

எதிர்ச் சுவரில் இருந்த கிழவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிசின் டப்பாவை மூடி, எட்டாத அலமாரியில் ஏற்றிவைத்துவிட்டு, மோட்டாரை நிறுத்தினார். மாமனார் மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் உட்கார்ந்திருக்க மாட்டார்.